1806 வேலூர் கோட்டை: உங்கள் வீட்டில் கேட்ட கதை ஏதாவது இருக்கிறதா?

வேலூர், ஆற்காடு பக்கத்து நண்பர்களுக்கு வணக்கம். போர் அறம் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். எடுத்துக்கொண்டது நம்ம கோட்டையில் 1806 ஜூலை 10 அன்று நடந்த சிப்பாய்க் கிளர்ச்சி.

தலைப்பாகை, நெற்றிக்குறி, கடுக்கன், தாடி என எல்லாவற்றிலும் கும்பினி (கிழக்கிந்தியக் கம்பெனி) கை வைத்தது. சிப்பாய்களின் கோபம் நியாயம் என்றே நினைக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்த வெள்ளைக்கார நோயாளிகளையும் கொன்றார்கள். காலையில் ஆற்காட்டிலிருந்து ஆங்கிலத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்தார். அரண்மனைக்குள் ஒளிந்திருந்த சுமார் நூறு சிப்பாய்களை வெளியே இழுத்துவந்து, சுவரோரம் நிறுத்திச் சுட்டார்கள். இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? போருக்கு முன்பே நோயாளிகளையும் விலகச் சொல்லும் புறநானூற்றின் 9ஆம் பாட்டு மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

என்னிடம் இருப்பதெல்லாம் ஆங்கில அதிகாரிகள் எழுதியது. சிப்பாய் வீட்டுக் குரல் இல்லை. தாத்தா பாட்டி சொன்ன கதை, ஒப்பாரி, பழைய உருதுக் கடிதம் எதுவானாலும் சொல்லுங்கள். குடியாத்தம், ஆம்பூர், வாணியம்பாடி என்றாலும் பஸ் ஏறி வந்து கேட்டு எழுதிக்கொள்வேன். பெயர் வெளியே வராது.

இன்னொன்று: ஆயுதத்தைக் கீழே போட்டுவிட்ட வீரனைக் குறிக்க நல்ல தமிழ்ச்சொல் வேண்டும். ‘போரிடாதோர்’ என்றால் பொதுமக்கள் என்றாகிவிடுகிறது, ‘கைதி’யும் பொருந்தவில்லை. தமிழாசிரியர்கள் யாராவது கைகொடுங்கள்.