காப்பிப் பழப் பறிப்பு மாதங்களில் பள்ளிக்கு வராத பிள்ளைகள்: நாடகம், சுவரொட்டி, கிராம சபை – எதை எப்படிச் செய்வது?

சேர்வராயன்மலை (கேள்வி)

வணக்கம். ஏற்காடு பக்கம் இரண்டு ஊர்களைச் சேர்ந்த 14 பேர் குழு. வயது 15 முதல் 20 வரை. நவம்பரில் பறிப்பு தொடங்கினால் பிப்ரவரி வரை 5 முதல் 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் பலர் பள்ளிக்கு வருவதில்லை. இதை வைத்து நவம்பர் 20, உலகக் குழந்தைகள் தினத்தன்று வீதி நாடகம் போடலாம், கொண்டை ஊசி வளைவுச் சுவர்களில் குழந்தை உரிமைகளை ஓவியமாக எழுதலாம் என்று எண்ணம். கையில் 4,000 ரூபாய் இருக்கிறது. ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் பிரிவுகளை நாடகத்தில் வரிசையாகச் சொல்லலாமா? அனுமதி எங்கே வாங்க வேண்டும்? கிராம சபையில் பிள்ளைகள் பேச முடியுமா? அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

மனுக்காரர்

தம்பி, நாடகம் கொஞ்சம் பொறுக்கட்டும். முதல்ல பிள்ளைங்க ஏன் வரலைன்னு எண்ணிப் பாருங்க. "பறிப்புக்குப் போறாங்க" என்பது ரோட்டில் நின்னு பார்க்கிறவர் சொல்ற காரணம். உள்ளே போனா நாலு காரணம் பின்னிக் கிடக்கும். அம்மா விடிஞ்சதும் தோட்டத்துக்குப் போயிட்டா கைக்குழந்தையைப் பார்த்துக்கறது பத்து வயசு அக்கா, ஏன்னா அங்கன்வாடி மூடுற நேரத்துக்கு அம்மா திரும்ப மாட்டாங்க. சில ஊருக்குப் பள்ளி நேரத்தில் பஸ் இல்லை. மழையில் ஓடை தாண்ட முடியாது. சில பிள்ளைங்க நிஜமாவே கூலிக்குப் பறிக்குது. இந்த நாலுக்கும் பதில் சொல்ல வேண்டிய ஆபீஸ் வேற வேற. அங்கன்வாடின்னா குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர், பஸ்ஸுன்னா போக்குவரத்துக் கழகக் கிளை, ஓடைப் பாலம்னா ஊராட்சி ஒன்றியம், கூலி வேலைன்னா தொழிலாளர் துறை. "குழந்தை உரிமையைக் காப்போம்"னு பொதுவா கேட்டா நாலு பேரும் கை தட்டிட்டுப் போயிடுவாங்க.

எண்ணுறதுக்கு எளிய வழி கொட்டாங்குச்சி ஓட்டு. நாலு கொட்டாங்குச்சி, ஒவ்வொண்ணுக்கும் முன்னால ஒரு காரணத்தைப் படமா வரைஞ்சு வைங்க. ஐந்தாவதா ஒண்ணு "வேற காரணம்". பெண் பிள்ளைகளுக்கு மூணு புளியங்கொட்டை, ஆண் பிள்ளைகளுக்கு மூணு காப்பிக்கொட்டை. ஒருத்தர் ஒருத்தரா சேலைத் திரைக்குப் பின்னால போய்ப் போடணும். திரை இல்லைன்னா முதல் பிள்ளை எதில் போட்டதோ அதிலேயே மத்தவங்களும் போடுவாங்க. ஆசிரியர், பெற்றோர், தோட்டத்தில் வேலை வாங்குற மேஸ்திரி யாரும் பக்கத்தில் நிக்கக் கூடாது. பேர் எழுதக் கூடாது. படத்தை விளக்கும்போது "இதுதானே காரணம்?"னு தொனிச்சாலே கணக்கு கெட்டுப்போகும். 6–10 வயசையும் 11–14 வயசையும் தனித்தனியா நடத்துங்க. கைக்குழந்தைப் படத்தில் புளியங்கொட்டை மட்டும் குவிஞ்சா உங்க கோரிக்கை அங்கன்வாடி நேரம்தான். நாடகத்தின் கதையும் அப்பவே கிடைச்சிடும்.

உடன்படிக்கையில் 54 பிரிவு இருக்கு. மேடையில் வரிசையா ஒப்பிச்சா மூணாவதுலயே கூட்டம் கலையும். 12ஆம் பிரிவை மட்டும் குழு நடத்துறதில் பிடிச்சுக்கோங்க. தன்னைப் பாதிக்கிற விஷயத்தில் கருத்துச் சொல்ல குழந்தைக்கு உரிமை உண்டு, அதை வயசுக்கும் முதிர்ச்சிக்கும் ஏத்தபடி மதிக்கணும்னு அது சொல்லுது. 20 வயசுக்காரர் எழுதிக் கொடுத்து 10 வயசுக்காரர் மனப்பாடமாப் பேசினா அந்தப் பிரிவையே மீறினதாகும்.

சட்டத்தில் ஒரு இடத்தைக் குழப்பிக்காதீங்க. 14 வயசுக்குக் கீழே எந்த வேலையிலும் அமர்த்தக் கூடாது. ஆனா 2016 திருத்தப்படி, பள்ளி நேரம் முடிஞ்சோ விடுமுறையிலோ சொந்தக் குடும்பத் தொழிலில், ஆபத்தில்லாத வேலையில் ஒத்தாசை பண்ணலாம். ஞாயித்துக்கிழமை தங்கள் காட்டில் அப்பாவோட பழம் பறிக்கிற பிள்ளையும், செவ்வாய்க்கிழமை அடுத்தவர் எஸ்டேட்டில் கூலிக்குப் பறிக்கிற பிள்ளையும் ஒண்ணு இல்லை. ரெண்டையும் ஒரே சுவரொட்டியில் போட்டா சொந்தக் காடு வெச்சிருக்கிற மலையாளிப் பழங்குடிக் குடும்பம் அத்தனையும் உங்களுக்கு எதிராத் திரும்பும். அவங்க திரும்பினா தப்பு அவங்க மேல இல்லை.

தேதியும் மாத்துங்க. நவம்பர் 20ஐ விட ஜனவரி 26 கிராம சபை நல்லது, பறிப்பு நடந்துக்கிட்டிருக்கும். நவம்பரில் ஓட்டு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு முடிஞ்சதும் சுவரொட்டி, பொங்கல் கழிஞ்சு நாடகம்.

கோட்டோவியம்

வளைவுச் சுவர் ஓவியம் வேண்டாம். அந்தச் சுவர்கள் நெடுஞ்சாலைத் துறையுடையவை. பொது இடங்களை உருக்குலைப்பதைத் தடுக்கும் 1959ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. வண்டி ஓட்டுபவர் கண் திரும்பக் கூடாத இடமும் அதுதான். பாறைகளில் எழுதினால் வனத்துறை வழக்கு வரலாம். அங்கே போகிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுலாக்காரர்கள். உங்கள் கோரிக்கையைக் கேட்க வேண்டியவர்கள் அவர்களா?

நான்கு கட்டச் சித்திரச் சுவரொட்டி செய்யுங்கள். ஏ4 தாள் இரண்டைப் பின்பக்கம் ஒட்டி ஏ3 ஆக்கி, சுற்றி 1.5 செ.மீ. ஓரம் விடுங்கள். ஜெராக்ஸ் எந்திரம் விளிம்பைத் தின்றுவிடும். மீதியை நான்காகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில் யார், எந்த இடம். இரண்டாவதில் சிக்கல். மூன்றாவதில் யாரோ ஒருவர் கேட்கும் கேள்வி. நான்காவதில் கோரிக்கை, அதுவும் யாரிடம் என்ற பெயரோடு.

எல்லோரும் செய்யும் தவறு, படத்தை முதலில் வரைந்துவிட்டு வசனத்தை மூலையில் நெருக்குவது. வசனத்தை முதலில் எழுதுங்கள், எழுத்து ஒரு செ.மீ. உயரத்துக்குக் குறையாமல். அதைச் சுற்றிப் பலூன் கட்டி, மிஞ்சிய இடத்தில் ஆளை வரையுங்கள். ஒரு பலூனுக்குப் பத்துச் சொல் போதும். பாட்டி பேசினால் பாட்டி பேச்சிலேயே பேசட்டும். அரசாணைத் தமிழ் வேண்டாம். பென்சில் கோட்டின்மேல் கறுப்பு மார்க்கர், காய்ந்தபின் பென்சிலை அழிக்க வேண்டும். பென்சில் நிழல் ஜெராக்ஸில் அழுக்காக விழும், வெளிர் நீலக் கோடு பெரும்பாலும் விழாது. இரு தாள் சேரும் கோடு கறுப்பாக வந்தால் வெள்ளை மை தடவுங்கள்.

படி எடுக்கும் முன், எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் இருவரிடம் காட்டி என்ன நடக்கிறது என்று கேளுங்கள். படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியவில்லை என்றால் இரண்டாம் கட்டத்தைத் திருத்த வேண்டும். சிக்கல் அநேகமாக அங்கேதான் இருக்கும்.

ஜெராக்ஸ்தான் எடுக்க வேண்டும். இங்க்ஜெட் அச்சு மலைப் பனியில் ஒரே இரவில் கரைந்து வழியும். ரேஷன் கடைத் திண்ணை, டீக்கடை உட்சுவர், நிழற்குடையின் உள்பக்கம் என்று கூரை உள்ள இடமாகப் பாருங்கள். இடத்துக்கு உரியவரிடம் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பசைக்குச் சேலத்துக்காரர்கள் காசு செலவழிக்கவே வேண்டாம், மரவள்ளி மாவு இருக்கிறது. 100 கிராம் மாவை 200 மி.லி. பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் 800 மி.லி. தண்ணீரில் ஊற்றிக் கிளறினால் கண்ணாடிபோல் ஆகும். 20 சுவரொட்டிக்குப் போதும். நேராகக் கொதிநீரில் மாவைக் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிடும்.

பறையடி

நாடகம் 12 நிமிஷம், ஏழு பேர், 15 அடி வட்டம். அதுக்கு மேல வேண்டாம். மைக் வெச்சா போலீஸ் அனுமதி வாங்கணும், மலையில் கரண்டும் நிக்காது. 30 அடி தள்ளி ஒருத்தரை நிக்க வெச்சு ஒத்திகை பாருங்க. அவருக்குக் கேக்காத வசனத்தைச் சுருக்குங்க. ஒரு மூச்சில் சொல்ல முடியாத வசனம் வெட்டவெளியில் கேக்காது.

சேலம், தருமபுரிப் பக்கம் ஜனங்களுக்குத் தெருக்கூத்து ரத்தத்தில் ஊறினது. கட்டியங்காரனை வெச்சுக்கோங்க. கதைக்குள்ளும் போவான், வெளியே வந்து கூட்டத்தையும் கேட்பான். கடைசியில் கதையை முடிக்காதீங்க. அக்கா பையைக் கீழே வெச்சுத் தம்பியைத் தூக்குற இடத்தில் எல்லாரும் அப்படியே உறையட்டும். கட்டியங்காரன் கூட்டத்தைப் பார்த்து, "இந்தப் பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்னா யார் என்ன பண்ணணும்?"னு ஒரே கேள்வி. கூட்டம் வாய் திறக்க நேரம் எடுக்கும். அந்த அமைதிக்குப் பயந்து நீங்களே பதில் சொல்லிடாதீங்க, மெதுவா இருபது எண்ணுங்க. வர்ற பதிலை ஒருத்தர் நோட்டில் எழுதணும். அதுதான் மனுவுக்குச் சரக்கு.

மேஸ்திரியைக் கொடுங்கோலனா, அப்பாவைக் குடிகாரனா காட்டாதீங்க. அடுத்த நாள் அந்த மேஸ்திரிகிட்டத்தான் அவங்க வேலைக்குப் போகணும், பயத்தில் கூட்டம் ஒதுங்கும். பெத்தவங்களை அவமானப்படுத்தினா மனுவில் கையெழுத்து விழாது. அடிபடுற, சீண்டப்படுற காட்சியில் சின்னப் பிள்ளைகளை நடிக்க வைக்கவே கூடாது. பெரியவங்க நடிக்கட்டும், இல்லைன்னா பறை அடியாலேயே சொல்லுங்க.

நேரம்: ஜனவரியில் ஆறரை மணிக்கே இருட்டிடும், தோட்டத்திலிருந்து வந்து கை கால் கழுவக்கூட அவங்களுக்கு நேரமில்லை. வார நாளை விட்டுட்டு, லீவு நாள் காலையில் பத்து மணிக்கு மேல, மூடுபனி விலகினதும் போடுங்க. பனியில் தோல் தளர்ந்து பறை "தொப்பு தொப்பு"ன்னு சத்தம் வரும். வைக்கோல், பழைய அட்டை கொண்டுபோய், ஆட்டத்துக்குப் பத்து நிமிஷம் முன்னால அனல் காட்டுங்க. ரெண்டு பறை இருந்தா ஒண்ணு காயும்போது ஒண்ணு அடிக்கலாம். தீக்கு நெருக்கமாப் பிடிச்சா தோல் கருகி வெடிக்கும்.

சேர்வராயன்மலை

எல்லாருக்கும் நன்றி. தேதியை ஜனவரிக்கு மாற்றிக்கொள்கிறோம். ஒரு பயம். நாடகம் முடிந்து ஒரு பிள்ளை வந்து, "எனக்கும் இப்படி நடந்தது" என்றால் என்ன செய்வது? பறிக்கிற பிள்ளைகளைப் போட்டோ எடுத்து மனுவோடு வைக்கலாமா?

பாதுகாப்புவலை

போட்டோ வேண்டாம். சட்டத்தை மீறி வேலையில் இருக்கும் குழந்தை, இளைஞர் நீதிச் சட்டம் 2015இன்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை. அதன் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் ஊடகத்தில் வெளியிட 74ஆம் பிரிவு தடை விதிக்கிறது. ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ்தானே என்று நினைக்காதீர்கள். முகத்தை மங்கலாக்கினாலும் நாற்பது வீடுள்ள ஊரில் சட்டையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். நாடகத்திலும் சுவரொட்டியிலும் "கடைசி வரிசை வீட்டு ஏழாம் வகுப்புப் பெண்" போன்ற அடையாளம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளை வந்து சொன்னால் கூட்டத்தை விட்டுச் சற்றுத் தள்ளி, ஆனால் மற்றவர் கண்ணில் படும் இடத்தில் உட்காருங்கள். சொல்லும்வரை கேளுங்கள். யார், எப்போது, எத்தனை தடவை என்று துருவ வேண்டாம். அதைச் செய்யப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "நீ சொன்னது நல்லது, உதவி செய்யக்கூடியவர்களிடம் மட்டும் சொல்கிறேன்" என்று சொல்லலாம். பிள்ளையின் சொற்களை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு, அன்றே குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழையுங்கள். 24 மணி நேரமும் கட்டணமின்றி எடுப்பார்கள். மலையில் சிக்னல் கிடைக்கும் இடத்தை முன்கூட்டியே பார்த்து வையுங்கள்.

பாலியல் குற்றம் என்றால் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காதவருக்கு 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. 18 வயது நிரம்பாதவர்களுக்கு அந்தத் தண்டனை பொருந்தாது. உங்கள் குழுவில் 18, 19, 20 வயதினருக்கு அது பொருந்தும். ஆகவே ஒவ்வோர் ஆட்டத்திலும் 18 வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்ணும் ஒரு ஆணும் நடிக்காமல் இந்த வேலைக்கென்றே இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் உடனே வண்டி ஏறாதீர்கள். அரை மணி நேரமாவது இருங்கள், பிள்ளைகள் கூட்டம் கலைந்த பிறகே வாய் திறப்பார்கள்.

மனுக்காரர்

கிராம சபை விஷயம். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாளும் கூடும். வாக்காளர் பட்டியலில் இருக்கிறவங்கதான் உறுப்பினர். 18 நிரம்பாத பிள்ளைங்க தீர்மானத்துக்குக் கை தூக்க முடியாது, ஆனா பேச வாய்ப்புக் கேட்கலாம். அதை அன்னைக்குப் போய்க் கேட்டா நேரமில்லைன்னு சொல்லிடுவாங்க. பத்து நாள் முன்னாடியே தலைவரிடமோ, தலைவர் இல்லாத காலத்தில் தனி அலுவலரிடமோ மனு கொடுத்து, கூட்டப் பொருளில் சேர்க்கச் சொல்லி, நகலில் தேதி போட்டு ஒப்புகை வாங்குங்க.

கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாகக் குறைஞ்சது எத்தனை பேர் வரணும்னு பாருங்க. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50, 3,000 வரை 100, 10,000 வரை 200 பேர் வரணும். பறிப்பு நேரத்தில் ஆள் சேராமப் போறதுதான் பெரிய ஆபத்து. கூட்டம் செல்லாதுன்னா உங்க தீர்மானமும் போச்சு. நாடகத்தின் கடைசியில் கட்டியங்காரன் கிராம சபைத் தேதியையும் நேரத்தையும் மூணு தடவை கூவட்டும்.

தீர்மான வாசகத்தை நீங்களே எழுதிக் கொண்டுபோங்க. அங்கன்வாடின்னு வெச்சுக்கிட்டா இப்படி: "காப்பிப் பறிப்பு நடைபெறும் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, தாய்மார்கள் வேலையிலிருந்து திரும்பும் வரை குழந்தைகளைப் பராமரிக்கும் வகையில் இவ்வூர் அங்கன்வாடி மைய நேரத்தை நீட்டித்துத் தருமாறு குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரைக் கேட்டுக்கொள்ள ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது." ஒரு கோரிக்கை, ஒரு அலுவலர், ஒரு காலம். முன்மொழிய ஒரு பாட்டியோ அம்மாவோ எழுந்தா நல்லது. கையெழுத்துப் போடும் முன் பதிவேட்டில் அந்த வாசகமே ஏறியிருக்கான்னு படிச்சுப் பாருங்க. "குழந்தைகள் நலன் குறித்து விவாதிக்கப்பட்டது"ன்னு எழுதியிருந்தா அதை வெச்சு எந்த ஆபீஸிலும் ஒண்ணும் கேட்க முடியாது.

தீர்மான நகலோட சேலம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்க. கொட்டாங்குச்சிக் கணக்கை ஒரே தாளில் பின்னால இணைங்க. பதில் வரலைன்னா 10 ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனு, 30 நாளில் பதில் தரணும்.

இதுக்கு நடுவில் நின்னுபோன பிள்ளையை மறுபடி சேர்க்கத் தயங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டம் 4ஆம் பிரிவு வயசுக்கேத்த வகுப்பில் சேர்க்கச் சொல்லுது, விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சியும் உண்டு. மாற்றுச் சான்றிதழ் தாமதமாகுதுன்னு சேர்க்க மறுக்கக் கூடாது.

பறையடி

பசை பத்தி ஒண்ணு. பூச்சி வராம இருக்கப் பழைய ஆளுங்க மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கலப்பாங்க. பிள்ளைங்க கை வைக்கிற பசையில் அது வேண்டவே வேண்டாம், விஷம். ஆடு மாடு சுவரொட்டியை மாவு வாசத்துக்கே நக்கும், அதுகளுக்கும் ஆபத்து. அன்னன்னைக்குக் காய்ச்சி அன்னைக்கே தீர்த்துடுங்க. ஆடு நின்ன வாக்கில் எட்டாத உயரத்தில், அதாவது நாலரை அடிக்கு மேல ஒட்டுங்க.

கோட்டோவியம்

நாலரை அடி என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் படிக்க எட்டாது. பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் போகும் சுவரொட்டிகளை மட்டும் அட்டையில் ஒட்டி மூன்றடி உயரத்தில் கயிற்றில் தொங்கவிடுங்கள்; மாலையில் கழற்றி உள்ளே வைத்துவிடலாம்.