ரிஃப்ளக்ஸைக் கூட்டக் கூடக் கெட்ட டவர்

பென்சீன் எடுக்கும் சல்ஃபோலேன் யூனிட்டுக்கு மாறி வந்த புதிதில் பார்த்தது. சல்ஃபோலேன் என்பது பென்சீனைப் பிரிக்க டவருக்குள் ஊற்றும் சால்வெண்ட், அதாவது கரைப்பான். அதற்கு முன் நான் இருந்தது சாதாரண டிஸ்டிலேஷன். மேலே சரக்கு கெட்டால் ரிஃப்ளக்ஸைக் கூட்டு, அதாவது மேலே வந்ததைக் குளிர்வித்து டவருக்குள் திருப்பி ஊற்றுவதைக் கூட்டு, அவ்வளவுதான். இங்கே ஒரு ராத்திரி ஷிஃப்டில் உச்சியில் போகும் ராஃபினேட்டில் (பென்சீனை எடுத்த பின் மிஞ்சுவது) பென்சீன் ஏற ஆரம்பித்தது. பேனலில் இருந்த பையன் ரிஃப்ளக்ஸைக் கூட்டினான். அடுத்த லேப் ரிப்போர்ட்டில் பென்சீன் இன்னும் அதிகம். மறுபடி கூட்டினான், மறுபடி கெட்டது.

ஷிஃப்ட் இன்சார்ஜ் நம்ம ஊர்க்காரர். பார்த்துவிட்டு, "தம்பி, நீ ஊத்துறதே ராஃபினேட்டைத்தான். சால்வெண்ட் நீர்த்துப்போனா அது எதைப் பிடிக்கும்?" என்றார். ரிஃப்ளக்ஸைக் குறைத்து, மேல் ட்ரேயில் (டவருக்குள் அடுக்கிய தட்டு) இறங்கும் சால்வெண்டின் சூட்டையும் கொஞ்சம் தணித்தார்கள். விடிவதற்குள் சரியாகிவிட்டது.

பென்சீன் 80.1 டிகிரியில் கொதிக்கும், அதோடு கலந்து வரும் சைக்ளோஹெக்சேன் 80.7-ல். போதாக்குறைக்கு இரண்டும் கலந்தால் சுமார் 77.5 டிகிரியில் சேர்ந்தே ஆவியாகும். வெறும் ட்ரேயை அடுக்கி இதைப் பிரிக்கவே முடியாது. சல்ஃபோலேன் பென்சீனைப் பிடித்து வைப்பதால்தான் மற்றது மேலே போகிறது. ட்ரே திரவத்தில் சல்ஃபோலேனின் பங்கு குறைந்தால் பிடியும் தளரும்.

*

நான் இருந்த ஆலை வடக்கே. சல்ஃபோலேன் 27 டிகிரி வாக்கிலேயே உறையும். டிசம்பரில் ஸ்டீம் டிரேசிங் (குழாயை நீராவியால் சூடாக வைப்பது) நின்றுபோன சாம்பிள் லைனில் நெய் மாதிரி கட்டி நின்றது. அதுகூடப் பரவாயில்லை, சூடு காட்டினால் இளகிவிடும். காற்றுக் கசிவுதான் பெரிய தொல்லை. சால்வெண்டை மீட்கும் டவர் வெற்றிடத்தில் ஓடுவது. ஃபிளாஞ்ச் (குழாய் இணைப்பு) லேசாக விட்டாலும் காற்றை உள்ளே இழுக்கும். ஆக்சிஜன் பட்டால் சல்ஃபோலேன் சிதைந்து அமிலமாகும். வெளிர் மஞ்சளாக இருந்த சாம்பிள் கரும்பழுப்பானது, பிஹெச் இறங்கியது, டவர் அடியில் சூடேற்றும் ரீபாய்லரின் டியூபை அரித்தது. அமிலத்தை முறிக்கும் அமீன் போட்டுச் சமாளிக்கலாம்தான். ஆனால் கசிவைத் தேடாமல் அமீனை மட்டும் ஊற்றுவது தண்டச் செலவு.

*

இதே மாதிரி பிரிக்கும் இன்னொரு யூனிட் பியூட்டாடையீனுக்கு (செயற்கை ரப்பர் செய்யும் வாயு), அங்கே சால்வெண்ட் என்எம்பி என்ற வேறொரு கரைப்பான். பயம் பாப்கார்ன் பாலிமர், பியூட்டாடையீனே பொரி மாதிரி கெட்டியாகிவிடுவது. துருவும் ஆக்சிஜனும் கிடைத்தால், ஓட்டமில்லாத குழாய் முனையில் வெள்ளையாக வளர்ந்து குழாயையே பிளந்துவிடும். ஷட்டவுனில் திறந்தபோது அள்ளி அள்ளி வந்தது. காய்ந்தால் தானாகத் தீப்பிடிக்கலாம் என்று, தண்ணீர் அடித்துக்கொண்டேதான் வெளியே எடுத்தோம்.