அக்டோபர்ல அப்பா அம்மாவோட லோத், தோர்தோன் பக்கம் நாலு நாள், எதைப் பாக்கலாம் எங்க நடக்கலாம்?

தூலூஸ்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். ஃப்ரான்ஸ்ல தூலூஸ்ல வேலை பாக்கிறேன், அக்டோபர் ரெண்டாவது வாரம் ஊர்ல இருந்து அப்பா அம்மா வர்றாங்க. பாரிஸ் போன தடவையே சுத்திக் காட்டியாச்சு, அதனால இந்தத் தடவை லோத், தோர்தோன் ஆத்துப் பள்ளத்தாக்கு கிராமப் பக்கமா கூட்டிட்டுப் போகணும்னு நானும் மனைவியும் நினைச்சிருக்கோம். கார் இருக்கு, ரெண்டு பேரும் ஓட்டுவோம், நாலு நாள் லீவு. அப்பா ரிட்டயர்ட் ஹிஸ்டரி வாத்தியார், தினமும் காலைல நல்லா நடக்கிறவர், பழைய கட்டடம்னா சாப்பாட்டையே மறந்துடுவார். அம்மாவுக்கு முட்டி வலி, படி அதிகம் ஏற முடியாது, அதோட சுத்த சைவம், முட்டையும் கிடையாது.

நான் போட்டு வச்சிருக்க லிஸ்ட்: காஓர் பாலம், சான் சிர்க் லபோப்பி, பெஷ் மெர்ல் குகை, ரொகாமதூர், பதிராக் குழி, சார்லா, பெய்னாக், காஸ்தெல்நோ ஊர்கள், லாஸ்கோ ஓவியக் குகை. நாலு நாளைக்கு இது ஓவரா? ரெண்டு இடத்துலயாவது காட்டுப்பாதைல நடக்கணும்னு அப்பாவுக்கு ஆசை, எனக்கு அந்த வழிக்குறி எல்லாம் பாத்துப் பழக்கமில்ல. அக்டோபர்ல வேட்டை சீசன்னு ஆபீஸ்ல சொன்னாங்க, அது வேற கொஞ்சம் பயமா இருக்கு. போனவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

மலைநடை:

ஓவர்தான். இந்த லிஸ்ட்ட நாலு நாள்ல முடிச்சா உங்க அப்பா பார்க்கிங்கையும் டிக்கெட் கவுன்ட்டரையும்தான் ஞாபகம் வச்சுப்பார். சார்லா, பெய்னாக், காஸ்தெல்நோ, லாஸ்கோ நாலையும் தோர்தோன் ட்ரிப்புன்னு தனியா வச்சுக்கோங்க, இந்தத் தடவை லோத் பள்ளத்தாக்கும் ரொகாமதூரும் போதும். காரணம் என்னன்னா அந்தப் பக்கத்து இடங்கள் எல்லாமே நடந்து வந்தவங்களுக்காக உருவான இடங்க, காஓர் பாலத்து மேலயே ஸ்பெயின்ல இருக்கிற சாந்தியாகோ தேவாலயத்துக்குப் போற யாத்திரைப் பாதை போகுது, ரொகாமதூர் யாத்திரீகர்களாலயே வளர்ந்த ஊர், சான் சிர்க் கீழ இருக்கிற பாதை படகு இழுத்தவங்க பாதை. அதனால ஒவ்வொரு இடத்துலயும் கடைசி ரெண்டு மூணு கிலோமீட்டராவது கால்ல போய்ச் சேருங்க, அப்பதான் இந்த ஊரு ஏன் இங்க இருக்குன்னே பிடிபடும்.

காஓர்ல வலான்த்ரே பாலம், 1308ல ஆரம்பிச்சு கட்டி முடிக்க 70 வருஷம் ஆச்சு, ஆறு வளைவு, மேல மூணு கோபுரம். வேலை இழுத்துக்கிட்டே போனதால கொத்தனார் சாத்தானோட ஒப்பந்தம் போட்டான், சொல்றதெல்லாம் செஞ்சா என் ஆத்மா உனக்குன்னு. கடைசில ஆத்மாவக் காப்பாத்திக்க சல்லடைய குடுத்து தண்ணி கொண்டு வாடான்னு அனுப்பிட்டான், ஏமாந்த சாத்தான் கோவத்துல நடுக் கோபுரத்துல ஒரு கல்ல ராத்திரி ராத்திரி பிடுங்கிப் போட்டான்னு கதை. 1879ல பாலத்தைப் புதுப்பிச்சப்ப அந்த மூலைலயே ஒரு குட்டிச் சாத்தான செதுக்கி வச்சிட்டாங்க, கல்லு இடுக்குல விரலை விட்டு இழுக்கிற மாதிரி இருக்கும். நடுக் கோபுரத்துக்குக் கீழ நின்னு அண்ணாந்து பாருங்க, பைனாகுலர் இருந்தா எடுத்துட்டுப் போங்க. அம்மாவுக்கும் கஷ்டமில்ல, சமதளம்.

அப்புறம் பூசியேங்கிற ஊர்ல இருந்து சான் சிர்க் வரைக்கும் லோத் ஆத்தங்கரைல நடக்கிறது. இதத்தான் நான் எல்லாருக்கும் முதல்ல சொல்வேன். ஒரு பக்கம் ஆறு, இன்னொரு பக்கம் சுண்ணாம்புப் பாறை செங்குத்தா எழும்புது, கரையே கிடையாது, அதனால 19ம் நூற்றாண்டுல பாறைய அரை வட்டமா குடைஞ்சு பாதை போட்டாங்க, ஒயினும் நிலக்கரியும் ஏத்தின படகுகள ஆளும் மாடும் குதிரையும் கயிறு கட்டி இழுத்துட்டுப் போறதுக்கு. ரயில் வந்தப்புறம் அந்தத் தொழிலே போச்சு, பாதை மட்டும் மிஞ்சிடுச்சு. தலைக்கு மேல பாறை கூரை மாதிரி வரும், சுவத்துல ஒரு சிற்பி மீன், சிப்பி எல்லாம் நீளமா செதுக்கியிருக்கார், கையால தொட்டுட்டே போகலாம். ஒரு வழி நாலு கிலோமீட்டர் போல வரும், கடைசில ஊருக்கு ஏர்ற இடம் மட்டும்தான் மூச்சு வாங்கும். பாறை சரிவுன்னு சில சமயம் அந்தப் பகுதிய மூடிடுவாங்க, அதனால முந்தின நாள் டூரிஸ்ட் ஆபீஸ்ல கேட்டுடுங்க. மனைவி அம்மாவ கார்ல மேல் பார்க்கிங்குக்கே கூட்டிட்டு வந்துடலாம், அங்க இருந்து பான்குரெல்னு ஒரு வியூபாயின்ட் பக்கம்தான். ஊருக்குள்ள தெரு எல்லாம் செங்குத்தான கல் பாவின ரோடு, இறங்கினா திரும்ப ஏறணும், முட்டி வலிக்காரங்களுக்கு மேல இருந்து பாக்கிறதே நல்லது.

வழிக்குறி ரொம்ப சுலபம். வெள்ளைக்கோடு மேல, சிவப்புக்கோடு கீழ இருந்தா நெடுந்தூரப் பாதை, ஜிஆர்னு சொல்றது. மஞ்சக்கோடு மட்டும்னா சின்ன சுத்துப் பாதை. ரெண்டு கோடு எக்ஸ் மாதிரி குறுக்கா போட்டிருந்தா அந்தப் பக்கம் போகாதன்னு அர்த்தம். மரம், கம்பம், பாறைன்னு எதுல வேணா இருக்கும், பத்து நிமிஷமா ஒண்ணுமே கண்ல படலன்னா கடைசியா பாத்த குறி வரைக்கும் திரும்பி வாங்க. போன்ல ஐஜிஎன்ங்கிற ஃப்ரெஞ்சு அரசாங்க மேப் டவுன்லோட் பண்ணி வச்சுக்கோங்க, பள்ளத்தாக்குக்குள்ள சிக்னல் நம்ப முடியாது.

வேட்டைக்கு பயப்படத் தேவையில்ல, ஆனா கவனம் வேணும். கார்ல சட்டப்படி வச்சிருக்கணும்னு ஒரு மஞ்ச ஜாக்கெட் இருக்குமே, நடக்கிறவங்க எல்லாரும் அதையே மாட்டிக்கோங்க. வேட்டை நடக்குதுன்னு போர்டு வச்சிருந்தா அந்தப் பக்கம் போகாதீங்க, திரும்பிடுங்க, அவ்வளவுதான்.

பாரிஸ்_நல்லூரான்:

மலைநடை சொன்னது சரி, ஆனா லாஸ்கோவை வெட்டினதுக்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டன். அப்பா சரித்திர வாத்தியார் எண்டு சொல்லுறீங்கள், அவரைக் கூட்டிக்கொண்டு அவ்வளவு கிட்டப் போய்ட்டு அதைப் பாக்காமல் திரும்புறதே? 1940 செப்டம்பரில நாலு பெடியங்கள் கண்டுபிடிச்ச ஆதிமனுசரின்ர ஓவியக் குகை, 1948ல சனத்துக்குத் திறந்தவை, பிறகு வந்த ஆக்களின்ர மூச்சுக் காத்தாலயே சுவரில பச்சைப் பாசி பிடிச்சு ஓவியம் பழுதாகத் தொடங்க 1963ல பூட்டிப் போட்டினம். இப்ப நாங்கள் பாக்கிறது 2016ல மோந்திஞாக் எண்ட ஊரில திறந்த நகல். நகல் எண்டு இளக்காரமா நினைக்க வேண்டாம், பாறையின்ர மேடு பள்ளம் எல்லாம் அப்பிடியே செய்து வைச்சிருக்கினம், உள்ளுக்க குளிரும் இருட்டும் கூட அப்பிடித்தான். நாங்கள் பிள்ளையளோட போனனாங்கள், அந்தப் பெரிய எருதுகளுக்குக் கீழ நிக்கேக்க சின்னவன் கதைக்கவே இல்லை. படியும் குறைவு, அம்மாவுக்கு வசதி.

ரொகாமதூருக்கு வாறன். அங்க கீழ் ஊரில இருந்து தேவாலயத்துக்கு 216 படி, அந்தக் காலத்தில முழங்காலில ஏறி வந்தவை. அம்மாவை அந்தப் படியில விடாதேங்கோ, லிப்ட் இருக்கு, காசு குடுத்து டிக்கெட் எடுத்தா ஊரில இருந்து கோயிலுக்கு ஒண்டு, கோயிலில இருந்து மேல கோட்டைக்கு இன்னொண்டு. அங்க இருக்கிற மாதா கறுப்பு மாதா, வால்நட் மரத்தில செதுக்கின சின்ன உருவம், மடியில குழந்தை. நீங்கள் மேல அண்ணாந்து பாத்தா கூரையில சின்னச் சின்னக் கப்பல் தொங்கும், கடலில புயலுக்குத் தப்பின மாலுமியள் நேர்த்திக்குக் கட்டினது. கடல் எங்கயோ இருக்கு, கப்பல் இங்க தொங்குது, எனக்கு அந்த இடத்தில கண் கலங்கினது உண்மை, எங்கட சனத்துக்கு நேர்த்திக்கடன் எண்டா என்னெண்டு சொல்லித் தர வேண்டியதில்லை. வெளியில பாறை வெடிப்பில பழைய வீரகதையில வாற ரோலான்டின்ர வாள் எண்டு ஒண்டு செருகி இருந்தது, 2024ல அது காணாமல் போட்டுது, பழைய வீடியோவில பாத்திட்டுத் தேடாதேங்கோ.

காரைக் கீழ கொண்டு போகாமல் லொஸ்பித்தாலே எண்ட மேட்டு ஊரில விடுங்கோ. அங்க இருந்து பாத்தாத்தான் முழு ஊரும் மலைச்சுவரில ஒட்டியிருக்கிறது தெரியும், காலமை வெய்யில் அந்தப் பக்கம்தான் விழும். அங்க இருந்தே பழைய யாத்திரைப் பாதை இறங்கிப் போகுது, கொஞ்ச தூரம், முழுக்க இறக்கம்.

செல்வி_லியோன்:

சாப்பாடு பத்தி யாருமே சொல்லல, நான் சொல்றேன், ஏன்னா எங்க மாமியாரும் இதே மாதிரி முட்டை கூட சாப்பிடாதவங்க. அந்த ஏரியா முழுக்க வாத்துதான், உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தானேன்னு ஆர்டர் பண்ணிடாதீங்க, சார்லா ஸ்டைல்னு போட்டிருந்தா அது வாத்துக் கொழுப்புல வறுத்தது. சாலட்ல சூடான ஆட்டுப்பால் சீஸ் வச்சுக் குடுக்கிறது கிடைக்கும், ரொகாமதூர் பேர்லயே சின்ன வட்டமா ஒரு சீஸ் இருக்கு, ஆனா சாலட்லயே பன்னிக்கறித் துண்டு இல்லனா வாத்து ஈரல் ஏதாவது போட்டு வந்துடும், அதனால "ஸான் வியாந்த்" (கறி இல்லாம)னு ஆர்டர் பண்ணும்போதே ரெண்டு தடவை சொல்லுங்க. சீஸ்லயும் கன்னுக்குட்டி வயித்துல இருந்து எடுக்கிற உறைதான் பெரும்பாலும் போடுவாங்க, அம்மா அதெல்லாம் பாக்கிறவங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க.

எங்களுக்கு ஒத்து வந்தது கிச்சனோட ஒரு ஜீத், அதாவது லீவுக்கு வாடகைக்குக் குடுக்கிற வீடு, எடுக்கிறதுதான். கோடைல சனிக்கு சனி முழு வாரம்தான் குடுப்பாங்க, அக்டோபர்ல நாலு நாளைக்கும் நிறைய பேர் குடுக்கிறாங்க. ஒரு சின்ன குக்கர், அரிசி, பருப்பு, பொடி எல்லாம் தூலூஸ்லயே எடுத்துட்டுப் போயிடுங்க, காலைல புளிசாதமோ எலுமிச்சை சாதமோ கட்டிட்டா நடக்கிற எடத்துல உக்காந்து சாப்பிடலாம். கிராமத்துல மத்தியானம் ஒன்றரை தாண்டினா கிச்சன் மூடிடுவாங்க, ஞாயித்துக்கிழமை மத்தியானத்துக்கு மேல கடை இருக்காது, திங்கக்கிழமை நிறைய பேக்கரி லீவு. அக்டோபர்ல வால்நட் அறுவடை, ரோட்டோரமா மேசை போட்டு மூட்டை மூட்டையா விப்பாங்க, அம்மாவுக்குக் கண்டிப்பா வாங்கிக் குடுங்க, புது வால்நட் தோல் உரிச்சு சாப்பிட்டா கசப்பே இருக்காது.

பதிராக் பத்தி ஒண்ணு. 1889ல மார்தெல்ங்கிற குகை ஆராய்ச்சியாளர் முதன்முதல்ல இறங்கிப் பாத்த குழி, 75 மீட்டர் ஆழம், அதுக்கும் கீழ ஓடுற ஆத்துல படகுல கூட்டிட்டுப் போறாங்க. அற்புதமான இடம்தான், ஆனா லிப்ட் இருந்தாலும் படகு விட்டு இறங்கினப்புறம் உள்ளயே படி ஏறி இறங்கணும், முட்டி வலிக்கு நான் ரெகமண்ட் பண்ண மாட்டேன். உங்க அப்பாவும் நீங்களும் மட்டும் போங்க. உள்ள வருஷம் பூரா 13 டிகிரி, ஸ்வெட்டர் வேணும்.

தூலூஸ்வாசி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா எதிர்பாக்கவே இல்ல. நல்லூரான் அண்ணா சொன்னத அப்பாகிட்ட போன்ல சொன்னேன், லாஸ்கோ உண்டுன்னு தீர்ப்பு வந்துடுச்சு. அப்போ பெஷ் மெர்ல் விட்டுடவா? ரெண்டு குகையும் ஒரே மாதிரின்னா ஒண்ணு போதும்தானே. இன்னொண்ணு, அப்பாவுக்கு அரை நாள் நடக்கிற மாதிரி நல்ல பாதை ஒண்ணு ரொகாமதூர் பக்கம் இருக்கா?

மலைநடை:

பெஷ் மெர்ல விடாதீங்க, பதிராக்க வேணா விடுங்க. லாஸ்கோல நகல், பெஷ் மெர்ல்ல நீங்க நிக்கிறது அசல் முன்னாடி. 1922ல ஊர்ப் பசங்கதான் இதையும் கண்டுபிடிச்சாங்க. புள்ளி போட்ட ரெண்டு குதிரை இருக்கு, சுமார் 29,000 வருஷம் பழசு, வலது பக்கக் குதிரையோட தலை வர்ற இடத்துல பாறையே குதிரைத் தலை வடிவத்துல நீட்டிட்டு இருக்கும், வரைஞ்சவன் அதப் பாத்துட்டுதான் அங்க குதிரைய வச்சிருக்கான். சுத்தி கை வச்சு அதுமேல நிறத்தை ஊதின தடம், கொஞ்சம் தள்ளி தரைல பாதச் சுவடுங்க. போட்டோ எடுக்க விட மாட்டாங்க. ஒரு நாளைக்கு 700 பேர்தான், ஆன்லைன்ல இப்பவே போட்டுடுங்க, கைடு பெரும்பாலும் ஃப்ரெஞ்சுலதான் பேசுவார், அப்பாவுக்கு நீங்க பக்கத்துல நின்னு சொல்லணும். படி கொஞ்சம் இருக்கு, அம்மா கைப்பிடி பிடிச்சு மெதுவா வரலாம்னு நினைக்கிறேன், புக் பண்ணும்போதே கேட்டுக்கோங்க.

அரை நாள் நடைக்கு க்ரமாத்ங்கிற ஊர்ல இருந்து அல்ஸூ பள்ளத்தாக்கு வழியா ரொகாமதூர், ஜிஆர் 6, பத்து பன்னிரண்டு கிலோமீட்டர். மனைவி உங்க ரெண்டு பேரையும் க்ரமாத்ல இறக்கி விட்டுட்டு அம்மாவோட கார்ல லொஸ்பித்தாலே போயிடட்டும். பாதி வழில மூலென் து ஸோன்னு ஒரு இடிஞ்ச தண்ணி ஆலை, பாசி பிடிச்ச சுவர் மட்டும் நிக்குது, அதுகிட்ட இறங்கிற இடம் செங்குத்து. மழை பெஞ்ச மறுநாள் சுண்ணாம்புக் கல்லு சோப்பு போட்ட மாதிரி வழுக்கும், அப்பாவுக்கு கிரிப் உள்ள ஷூவும் கைல ஒரு ஸ்டிக்கும் கட்டாயம். கோடைல அந்த ஆறு பாறைக்குள்ள மறைஞ்சு வெறும் கல்லா கிடக்கும், அக்டோபர்ல நல்ல மழை இருந்தாதான் தண்ணி பாக்கலாம், குடிக்க வீட்ல இருந்தே கொண்டு போங்க. நடந்து முடிச்சதும் ரெண்டு பேரும் கால்ல உண்ணி கடிச்சிருக்கான்னு பாத்துடுங்க, புல்லுல நிறைய இருக்கும். காலைல ஒன்பதுக்கு கிளம்பினா மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு ரொகாமதூர் கீழ் வாசல்ல வந்து சேருவீங்க, ரோடுல வர்றவங்க பாக்காத பக்கத்துல இருந்து.

தூலூஸ்வாசி:

பெஷ் மெர்ல் புதன்கிழமை காலைக்குப் போட்டாச்சு, வியாழன் அல்ஸூ, வெள்ளி லாஸ்கோ. அப்பாவுக்கு ஷூ சைஸ் கேட்டிருக்கேன்.