எடை குறைந்த மடிக்கணினிக்கு எந்தச் செயலி: 125எச்-ஆ, 8840யூ-வா?

மதுரையில் திருமண வீடியோ தொகுக்கிறேன். 2019-இல் வாங்கிய மடிக்கணினி: கோர் ஐ5-8265யூ செயலி, அதிலேயே உள்ள யூஎச்டி 620 கிராபிக்ஸ். சித்திரை முகூர்த்தங்களிலிருந்து கேமரா 4:2:2, 10 பிட் எச்.265-க்கு (நிறத் தகவலைக் கூடுதலாக வைத்து இறுக்கிச் சுருக்கும் வீடியோ வடிவம்) மாறியது. அன்றுமுதல் பிரீமியர் தொகுப்பு மென்பொருளில் படம் உறைந்து நிற்கிறது. நாதஸ்வரம் மட்டும் ஓடுகிறது.

நினைவகத்தை 16 ஜிபி ஆக்கினேன், தெர்மல் பேஸ்ட் மாற்றினேன். பயனில்லை. ப்ராக்சி (தொகுப்பதற்காக உருவாக்கும் லேசான நகல்) உதவுகிறது, ஆனால் மண்டபத்திலேயே முன்னோட்டம் கேட்பவர்களை அது தயாராகும்வரை காக்க வைக்க முடியாது.

தனி கிராபிக்ஸ் வேண்டாம், தோளில் சுமக்க வேண்டும்: 1.4 கிலோ, 85,000 ரூபாய்க்குள். ரைசன் 7 8840யூ செயலியின் மின்செலவை 15 வாட்டுக்கும் இறக்கலாம், ஆனால் அதிலுள்ள ரேடியான் 780எம் கிராபிக்ஸ், சுருக்கிய 4:2:2 எச்.265 வீடியோவை வன்பொருளில் விரிக்காது. கோர் அல்ட்ரா 5 125எச் விரிக்கும். அடிப்படையே 28 வாட் என்பதுதான் என் கவலை.

மெல்லிய மடிக்கணினியில் 125எச் வைத்திருப்பவர்களே, ஒரு மணி நேரம் தொடர்ந்து தொகுத்தால் சூட்டில் வேகம் விழுகிறதா?