அட்வான்ஸ் டேக்ஸ் கிரெடிட் கார்டில் கட்டினேன், பாயிண்ட் ஏறவில்லை. டிசம்பர் தவணையை எப்படிக் கட்டலாம்?

குமுளி ஏலக்காய்:

எல்லோருக்கும் வணக்கம். குமுளியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிறேன். புற்றடி ஏலத்திலும் எடுப்பேன், தெரிந்த தோட்டக்காரர்களிடம் நேரடியாகவும் வாங்குவேன். ஆடிட்டர் போட்ட கணக்குப்படி இந்த வருடம் எனக்கு வருமான வரி 2,40,000 ரூபாய் வரும். வருடம் முடியும் முன்பே தவணையாகக் கட்டும் அட்வான்ஸ் டேக்ஸில், ஜூன் தவணை 36,000 ரூபாயை நெட் பேங்கிங்கில் கட்டினேன். செப்டம்பர் தவணை 72,000 ரூபாயை, பாயிண்ட் கிடைக்கும் என்று கிரெடிட் கார்டில் கட்டினேன். சலான் சரியாக வந்தது, வரியும் என் பான் எண்ணில் ஏறிவிட்டது. அதில் குழப்பம் இல்லை.

கார்டு ஸ்டேட்மெண்டில் 72,849.60 ரூபாய் எடுத்திருக்கிறார்கள். ஆனால் அதற்கு ஒரு பாயிண்ட்கூட இல்லை. அதே மாதம் கம்பத்தில் வாங்கிய எலக்ட்ரானிக் தராசுக்குப் பாயிண்ட் வந்திருக்கிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் ‘இது தகுதியில்லாத பரிவர்த்தனை’ என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

டிசம்பர் 15-க்குள் இன்னொரு 72,000 கட்ட வேண்டும். இது பறிப்புக் காலம், கையில் இருக்கும் பணமெல்லாம் சரக்கில் முடங்கிக் கிடக்கும். கார்டில் கட்டினால் ஒன்றரை மாதம் மூச்சு விட நேரம் கிடைக்கும். பாயிண்டும் கிடைத்தால் நல்லது. வேறு கார்டு எடுக்கலாமா, அல்லது இந்த வழியே வேண்டாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கொழிஞ்சாம்பாறை:

எனக்கும் இப்படித்தான். பஞ்சாயத்தில் வீட்டுக் கரம் (வீட்டு வரி) கட்டியதற்கும் பாயிண்ட் வரவில்லை. தொகை சிறியது என்பதால் விட்டுவிட்டேன். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

போடி கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் போடியில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஏலக்காய்க்காரர்கள் பலர் இதே கேள்வியோடு வருகிறார்கள். பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் பாயிண்ட் ஏன் ஏறவில்லை என்று பார்ப்போம். கார்டில் பணம் வாங்கும் ஒவ்வொரு இடத்துக்கும் அது என்ன தொழில் என்று காட்டும் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு, எம்.சி.சி. என்பார்கள். வரிக்கு 9311, மற்ற அரசு சேவைகளுக்கு 9399. எந்த எண்ணுக்குப் பாயிண்ட் கொடுப்பது என்பதை கார்டு கொடுத்த வங்கிதான் முடிவு செய்யும். நம் நாட்டில் சாதாரணக் கார்டுகளில் பெரும்பாலானவை அரசுக்குக் கட்டும் பணத்துக்குப் பாயிண்ட் தருவதில்லை. தராசுக் கடையின் எண் வேறு, அதனால் அதற்கு வந்தது. கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு நடந்ததும் பெரும்பாலும் இதுதான். கார்டின் விதிமுறைகளில் ‘பாயிண்ட் பெறாதவை’ என்று ஒரு பட்டியல் இருக்கும். வரி, அரசு, எரிபொருள், வாலட், வாடகை எல்லாம் பெரும்பாலும் அங்கேதான் வரிசையாக நிற்கும். கஸ்டமர் கேரில் வாய்வார்த்தையாகச் சொல்வதை நம்ப வேண்டாம், அந்தப் பட்டியலைப் படியுங்கள்.

அடுத்து அந்த 849.60 ரூபாய். அதில் ஒரு காசுகூட வரித் துறைக்குப் போகவில்லை. வருமான வரித் தளத்தின் ‘இ-பே டேக்ஸ்’ பக்கத்தில் பேமெண்ட் கேட்வே என்ற வழியைத் தேர்ந்தெடுத்து கார்டில் கட்டும்போது, அந்த கேட்வேயை நடத்தும் வங்கி கட்டணம் எடுக்கிறது. உங்களுக்கு 1 சதவீதம், அதாவது 720 ரூபாய். அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 129.60. ஆக, கார்டில் கட்டும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் உங்களுக்கு 1 ரூபாய் 18 காசு செலவு. ஆலுவாவில் தலைமையகம் உள்ள ஃபெடரல் வங்கி உட்பட பல வங்கிகள் இந்த கேட்வேயை நடத்துகின்றன. கட்டணம் ஒன்றுக்கொன்று மாறும், பணம் போகும் முன்பே திரையில் காட்டிவிடும். இரண்டு மூன்றைத் திறந்து பார்த்துவிட்டுக் குறைவானதைப் பிடியுங்கள்.

வரிக்குப் பாயிண்ட் தரும் கார்டுகளும் உண்டு, குறிப்பாகத் தொழில் செய்பவர்களுக்கான பிசினஸ் கார்டுகளில். ஆனால் பாயிண்ட் எத்தனை என்று பார்க்காதீர்கள், அது பணமாக எவ்வளவு என்று பாருங்கள். நூறு ரூபாய்க்கு ஒரு பாயிண்ட், பாயிண்டுக்கு 25 காசு என்றால் உங்கள் 72,000-க்கு 180 ரூபாய்தான் வரும். 849.60 கொடுத்து 180 வாங்குவதில் 669.60 கையை விட்டுப் போகிறது. 150 ரூபாய்க்கு 5 பாயிண்ட், பாயிண்டுக்கு 50 காசு என்றால் 2,400 பாயிண்ட், 1,200 ரூபாய். அப்போது 350.40 மிச்சம். அந்த 50 காசு மதிப்பு எதற்கு என்பதையும் பாருங்கள். விமான டிக்கெட், ஓட்டல் என்றால் ஒரு மதிப்பு, பில்லில் கழிக்கக் கேட்டால் அதில் பாதிகூட வராத கார்டுகள் இருக்கின்றன. மாதத்துக்கு இத்தனை பாயிண்ட்தான் என்ற உச்சவரம்பும் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி. உங்களுக்கு ஓடி கணக்கு (ஓவர்டிராஃப்ட், வேண்டும்போது வங்கியில் எடுத்துக்கொள்ளும் கடன்) இருக்கிறதா? வட்டி எவ்வளவு?

குமுளி ஏலக்காய்:

மிக்க நன்றி அக்கா. இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஓடி இருக்கிறது, 9 சதவீதம்.

போடி கணக்குப்பிள்ளை:

அப்படியானால் நீங்கள் சொன்ன ஒன்றரை மாத மூச்சுக்கும் ஒரு விலை போடலாம். 72,000-க்கு 45 நாள் ஓடி வட்டி சுமார் 800 ரூபாய். கார்டு பில் போட்ட மறுநாள் வரியைக் கட்டினால் கார்டிலும் ஏறக்குறைய அதே அளவு நாள் கிடைக்கும், அதற்கு 849.60 கட்டணம். இரண்டும் கிட்டத்தட்ட சமம். பில் போடப்போகும் சமயத்தில் கட்டினால் இருபது நாள்கூடத் தேறாது, அப்போது ஓடிதான் மலிவு.

கார்டு பில்லை முழுசாகக் கட்ட முடியாமல் போனால் கதையே வேறு. பல கார்டுகளில் மாத வட்டி 3.5 சதவீத அளவில் இருக்கும். 72,000-க்கு ஒரு மாதத்தில் 2,520, ஜி.எஸ்.டி. சேர்ந்து 2,973.60. சரக்கு விற்ற பணம் வரும் தேதி உறுதியாகத் தெரியாதவர்கள் வரியைக் கார்டில் கட்டவே கூடாது. இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். ஒரு சீசன் விலை இறங்கினால் மீண்டு வருவது எவ்வளவு கஷ்டம் என்று நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

கம்பம்மெட்டு:

அக்கா, என்னிடம் வரிக்குப் பாயிண்ட் தரும் கார்டு இருக்கிறது. வேண்டுமென்றே கூடுதலாக ஒரு லட்சம் வரி கட்டிவிட்டு, ரிட்டர்ன் போட்டு ரீஃபண்ட் வாங்கிக்கொண்டால் பாயிண்ட் லாபம்தானே? துறையும் வட்டி தருகிறதே.

போடி கணக்குப்பிள்ளை:

வேண்டாம் தம்பி. ரீஃபண்ட் கார்டுக்குத் திரும்பாது, வங்கிக் கணக்குக்குத்தான் வரும். அது எப்போது வரும் என்று யாரும் உறுதி தர முடியாது, ஆனால் கார்டு பில் ஒன்றரை மாதத்தில் வாசலில் நிற்கும். துறை தரும் வட்டி மாதத்துக்கு அரை சதவீதம்தான். அதுவும் ரீஃபண்ட் தொகை மொத்த வரியில் 10 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால் கிடையாது. வரும் வட்டிக்கும் வரி உண்டு. கேட்வே கட்டணம் திரும்பி வராது. வருமானத்துக்குப் பொருந்தாத வரி கட்டி ரீஃபண்ட் கேட்டால் கேள்விக்கும் இடம் கொடுத்த மாதிரி ஆகும்.

வண்டிப்பெரியார்:

நடுவில் என் சந்தேகம். நேற்று கார்டில் கட்டும்போது ஓ.டி.பி. போட்டதும் நெட் போய்விட்டது. இங்கே மழை பெய்தால் டவர் தெரிந்ததுதானே. கார்டில் பணம் எடுத்ததாக மெசேஜ் வந்துவிட்டது, சலான் வரவில்லை. மறுபடி கட்டட்டுமா?

போடி கணக்குப்பிள்ளை:

உடனே மறுபடி கட்டாதீர்கள். வருமான வரித் தளத்தில் உள்ளே போய் ‘இ-பே டேக்ஸ்’, அதில் பேமெண்ட் ஹிஸ்டரி பாருங்கள். பணம் போய்ச் சேர்ந்திருந்தால் சலான் அங்கே டவுன்லோடுக்கு இருக்கும். அதில் பி.எஸ்.ஆர். கோடு (வங்கிக் கிளையைக் காட்டும் எண்), சலான் எண், கட்டிய தேதி மூன்றும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இன்னும் வரவில்லை என்றால் ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். அப்புறமும் இல்லையென்றால், சலான் உருவாக்கியபோது வந்த சி.ஆர்.என். நம்பரோடு அந்த கேட்வே வங்கிக்கு எழுதுங்கள்.

இதனால்தான் கடைசி நாளில் கார்டில் கட்ட வேண்டாம் என்கிறேன். டிசம்பர் 15-க்குள் மொத்த வரியில் 75 சதவீதம் போயிருக்க வேண்டும். ஒரு நாள் தாண்டினாலும் குறைகிற தொகைக்கு மாதம் 1 சதவீதமாக மூன்று மாத வட்டி. குமுளித் தம்பிக்கு அது 2,160 ரூபாய். எந்தப் பாயிண்டும் அதை ஈடு கட்டாது. தேதிக்கு மூன்று நாலு நாள் முன்பே கட்டிவிடுங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கு:

என் தங்கை நியூஜெர்சியில் இருக்கிறாள். அங்கே வரியைக் கார்டில் கட்டிப் பாயிண்ட் சேர்ப்பது பெரிய பழக்கம். நம் ஆட்கள் பலர் அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் இங்கே முயற்சி செய்கிறார்கள். அங்கேயும் வரித் துறை கார்டை நேராக வாங்குவதில்லை. இடையில் இருக்கும் நிறுவனங்கள் சொந்த உபயோகக் கார்டுக்கு 1.75 முதல் 1.85 சதவீதம் வரை கட்டணம் எடுக்கின்றன. காலாண்டு முன்வரிக்கு ஒரு காலாண்டில் இரண்டு முறைதான் கார்டில் கட்டலாம். ஆனால் புதுக் கார்டு எடுத்து மூன்று மாதத்தில் சில ஆயிரம் டாலர் செலவழித்தால் ஒரே மூச்சில் பெரிய அளவில் பாயிண்ட் கொடுக்கிறார்கள், கட்டணத்தை அது தூக்கிச் சாப்பிட்டுவிடும். இங்கே அந்த அளவுக்கு இல்லை.

குமுளி ஏலக்காய்:

விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். அக்கா சொன்னது சரிதான், வரிக்குப் பாயிண்ட் கிடையாது என்று தெளிவாகப் போட்டிருக்கிறது. இன்னொன்றும் பார்த்தேன். கார்டின் வருடக் கட்டணம் 2,500 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 2,950. வருடத்தில் 3,00,000 ரூபாய்க்குச் செலவழித்தால் அது தள்ளுபடி. அந்தக் கணக்கில் எதைச் சேர்க்க மாட்டோம் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் வரி இல்லை. ஆப்பில் இதுவரை 2,60,000 காட்டுகிறது, செப்டம்பரில் கட்டிய வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. கார்டு வருடம் ஜனவரியில் முடிகிறது.

போடி கணக்குப்பிள்ளை:

அருமை தம்பி. இதைத்தான் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். பாயிண்டுக்கு ஒரு பட்டியல், வருடக் கட்டணத் தள்ளுபடிக்கு வேறொரு பட்டியல். சில கார்டுகளில் இரண்டிலுமே வரி சேராது. உங்கள் ஆப்பிலேயே ஏறியிருப்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

ஆனால் 72,000-ஐயும் கார்டில் போட வேண்டியதில்லை. ஜனவரிக்குள் வீட்டுச் செலவுக்கு எப்படியும் கார்டைத் தேய்ப்பீர்கள்தானே, அது எவ்வளவு வரும்?

குமுளி ஏலக்காய்:

15,000 வரை வரும்.

போடி கணக்குப்பிள்ளை:

அப்படியானால் மீதி 25,000 போதும். கொஞ்சம் தாராளமாக 30,000 ரூபாயைக் கார்டில் கட்டுங்கள். கட்டணம் 354 ரூபாய், தள்ளுபடியில் மிச்சமாவது 2,950. மீதி 42,000-க்குத் தனிச் சலான் போட்டு நெட் பேங்கிங்கில் கட்டுங்கள், கட்டணமே இல்லை. ஒரே தவணைக்கு இரண்டு சலான் போடுவதில் எந்தத் தவறும் இல்லை, இரண்டும் அட்வான்ஸ் டேக்ஸ் வகையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுய மதிப்பீட்டு வரி என்பதைத் தேர்ந்தெடுத்துவிடாதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஸ்டேட் பேங்க், கனரா, சவுத் இந்தியன், இந்தியன் ஓவர்சீஸ், கரூர் வைசியா எல்லாமே நெட் பேங்கிங்கில் நேராக வாங்கும். யு.பி.ஐ. என்றாலும் சரி. 2024 செப்டம்பரிலிருந்து வரிக்கு அதன் உச்சவரம்பு 5 லட்சம்.

கம்பம்மெட்டு:

கார்டில் நிறையக் கட்டினால் வரித் துறைக்குத் தகவல் போகுமாமே?

போடி கணக்குப்பிள்ளை:

போகும். ஒரு வருடத்தில் கார்டு பில்லாகக் கட்டியது 10 லட்சத்தைத் தொட்டால் வங்கி தெரிவித்தே ஆக வேண்டும், ரொக்கமாகக் கட்டினால் 1 லட்சத்திலேயே. அது வரித் தளத்தில் உங்கள் ஏ.ஐ.எஸ்.-இல் (ஆண்டுத் தகவல் அறிக்கை) தெரியும். அது நோட்டீஸ் அல்ல. வருமானத்துக்கு ஏற்ற செலவாக இருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மச்சான் வரி, பங்காளி வரி எல்லாவற்றையும் உங்கள் கார்டில் கட்டிப் பாயிண்ட் சேர்க்காதீர்கள். அடுத்தவர் பான் எண்ணுக்கு வரி கட்டத் தளத்தில் தடை இல்லை, ஆனால் அவர்கள் உங்களுக்குத் திருப்பித் தந்த பணத்துக்குக் கணக்கு காட்ட வேண்டியது நீங்கள். கூட்டு நிறுவனத்தின் வரியைச் சொந்தக் கார்டில் கட்டுவதும் வேண்டாம். பெரும்பாலான கார்டுகள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்று விதி வைத்திருக்கின்றன, கார்டை முடக்கினால் சேர்த்த பாயிண்டும் சேர்ந்து போகும்.

கொழிஞ்சாம்பாறை:

கடைசியாக ஒன்று. ஜி.எஸ்.டி.-யும் கார்டில் கட்ட முடியுமா? எனக்குக் கேரளப் பதிவு.

போடி கணக்குப்பிள்ளை:

முடியும். 2024 ஜனவரியில் ஜி.எஸ்.டி. தளம் கார்டு வழியைத் திறந்தபோது முதல் பத்து மாநிலங்களிலேயே கேரளா இருந்தது. இ-பேமெண்டில் நெட் பேங்கிங்கோடு கார்டும் யு.பி.ஐ.-யும் வரும். நெட் பேங்கிங்குக்குக் கட்டணம் இல்லை, கிரெடிட் கார்டுக்கு உண்டு, அதனால் மேலே சொன்ன அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சலான் எடுத்தால் 15 நாளுக்குத்தான் செல்லும், அதற்குள் கட்டாவிட்டால் புதிதாக எடுக்க வேண்டும்.