முதல் குளிர்காலம் வருகிறது, வீட்டில் எதை முதலில் கவனிப்பது?

புதுக்குடித்தனம்:

வெயிலையும் மழையையும் மட்டுமே பார்த்து வளர்ந்தவன் நான். இப்போது வாங்கியிருப்பது ஒரு பழைய தனி வீடு. கீழே ஒரு தளம், மேலே ஒரு மாடி, அதற்கும் மேலே கூரைக்கடியில் குனிந்து மட்டுமே நுழையக்கூடிய ஒரு பரண். உறைபனி விழ இன்னும் ஐந்தாறு வாரம் இருக்கிறது என்கிறார்கள். சாவியைக் கொடுத்த பழைய உரிமையாளர் "குளிருக்கு முன்னால வீட்டைத் தயார் பண்ணிடுங்க" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார், தயார் என்றால் என்ன என்று நான் கேட்பதற்குள் வண்டி தெருமுனையைத் தாண்டிவிட்டது.

எனக்குத் தோன்றியது, பெரிய ஹீட்டராக இரண்டு வாங்கிப் போட்டுவிடலாம் என்பதுதான். மனைவி சொல்வது ஜன்னல்களை மாற்ற வேண்டும் என்று. அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எல்லாமே ஒற்றைக் கண்ணாடி, பக்கத்தில் உட்கார்ந்தால் இப்போதே தோள் சில்லிட்டுப் போகிறது. ஆனால் வீடு வாங்கியதிலேயே கையிருப்பு கரைந்துவிட்டது. வாரத்தில் ஒரு நாள்தான் விடுமுறை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், எதிலிருந்து ஆரம்பிப்பது?

குழாய்ச்சாவி:

ஹீட்டர், ஜன்னல் இரண்டையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். குளிர் உங்களை நடுங்க வைக்கும், அவ்வளவுதான், கம்பளியைப் போர்த்திக்கொள்ளலாம். தண்ணீர்தான் வீட்டை நாசமாக்கும்.

என் கதையைக் கேளுங்கள். தோட்டத்துக் குழாயில் ரப்பர் ஹோஸை மாட்டியபடியே விட்டுவிட்டேன். இரண்டு நாள் கடுங்குளிர், ஒன்றும் ஆகவில்லை. மூன்றாம் நாள் வெயில் வந்தது, அப்பாடா என்றிருந்தபோது சமையலறைச் சுவருக்குள் யாரோ பட்டாணியைக் கொட்டுவது போல ஒரு சத்தம். கையை வைத்துப் பார்த்தால் சுவர் ஈரம். குழாய் எப்போதோ வெடித்திருக்கிறது, உள்ளே இருந்த பனிக்கட்டியே அடைப்பாக நின்றிருக்கிறது, அது உருகியதும்தான் வேலையைக் காட்டியது.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் பெருக்கும். ஆனால் பனிக்கட்டி நேராகக் குழாயைக் கிழிப்பது குறைவு. கட்டிக்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் போக வழியில்லாமல் நெருக்கப்பட்டு, எந்த இடம் பலவீனமோ அங்கே வெடிக்கும். அதனால்தான் கடுங்குளிர் இரவில் குழாயை லேசாகத் திறந்து சொட்ட விடச் சொல்கிறார்கள். ஓடும் தண்ணீர் உறையாது என்பதைவிட, அந்த அழுத்தம் வெளியேற ஒரு வழி கிடைக்கிறது என்பதே பெரிய விஷயம்.

முதல் விடுமுறை நாளில் செய்ய வேண்டியது இது. வெளிக்குழாயிலிருந்து ஹோஸைக் கழற்றுங்கள். அந்தக் குழாய்க்கு வீட்டுக்குள் தனி வால்வு இருக்கிறதா என்று தேடுங்கள், இருந்தால் அதை மூடிவிட்டு வெளிக்குழாயைத் திறந்து, மிச்சத் தண்ணீர் வடிந்த பிறகும் திறந்தபடியே விடுங்கள். வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாய், பரணில் ஓடும் குழாய், சூடு போகாத மூலைகளில் ஓடும் குழாய், இவற்றுக்கு நீளவாக்கில் பிளந்த ஃபோம் உறை விற்கிறார்கள், மாட்டிவிட்டால் முடிந்தது. முழங்கை வளைவுகளில் இடைவெளி விடாதீர்கள், உறைவது பெரும்பாலும் அங்கேதான். வெளியே மைனஸ் 6, 7 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் சிங்க் அடியில் உள்ள அலமாரிக் கதவைத் திறந்து வையுங்கள், அறையின் சூடு குழாய் வரைக்கும் போகட்டும்.

இதெல்லாம் செய்தாலும் ஒரு நாள் உறைந்துவிட்டதா? மெயின் வால்வை மூடுங்கள், அந்தக் குழாயைத் திறந்து வையுங்கள், ஹேர் டிரையரால் குழாய் வாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து உள்நோக்கிச் சூடாக்குங்கள். தீப்பந்தம், கேஸ் டார்ச் பக்கமே போகாதீர்கள். அப்புறம், மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே பார்த்து வையுங்கள். நடு ராத்திரியில் டார்ச் விளக்கோடு தேடுகிற பொருள் அல்ல அது.

பரண்பூனை:

மேலே சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அடுத்தது காற்று. ஜன்னல்தான் குற்றவாளி என்று எல்லோரும் நினைக்கிறோம், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரிகிறது. காற்று பலமாக வீசும் ஒரு நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், கதவின் அடி, சுவர் பிளக் பாயிண்ட், குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டை, பரண் மூடி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போங்கள். புகை நேராக மேலே போனால் பிரச்சினை இல்லை. படபடவென்று ஆடினாலோ ஒரு பக்கமாக இழுக்கப்பட்டாலோ அங்கே ஓட்டை. திரைச்சீலையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், அனுபவத்தில் சொல்கிறேன்.

பரண் மூடியை முக்கியமாகப் பாருங்கள். சூடான காற்று மேலே ஏறி அந்த வழியாக வெளியேறும், அது போன இடத்தை நிரப்பக் குளிர்காற்றைக் கதவுச் சந்து வழியாக வீடு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கீழே நீங்கள் எத்தனை ஹீட்டர் போட்டாலும் கூரைக்கு மேலே இருக்கும் காக்கைக்குத்தான் குளிர் காய வசதி. மூடியைச் சுற்றி ரப்பர் பட்டை ஒட்டுங்கள், அதன் முதுகில் தெர்மக்கோல் பலகை ஒன்றை வெட்டி ஒட்டுங்கள். பரணின் தரையில் கம்பளிப் பஞ்சு மாதிரி இன்சுலேஷன் எவ்வளவு கனத்துக்கு இருக்கிறது என்று பாருங்கள், நசுங்கித் தட்டையாகிப் போயிருந்தால் மேலே இன்னொரு அடுக்கு விரிக்கலாம்.

சூடு பரணுக்குள் கசிந்தால் பணம் மட்டும் போகாது. கூரைமேல் இருக்கும் பனி அடியிலிருந்து உருகி, ஓரத்துக்கு வழிந்து, அங்கே மறுபடி உறைந்து ஒரு அணை மாதிரி நிற்கும். பின்னால் தேங்குகிற தண்ணீர் ஓட்டுக்கடியில் புகுந்து வீட்டுக்குள் ஒழுகும். கூரை ஓரத்தில் மழைநீர் போகும் தகர வாய்க்காலில் இலைச்சருகு அடைத்திருந்தால் இன்னும் மோசம். இலைகள் கொட்டி முடிந்ததும் ஒரு தடவை ஏணி போட்டு அள்ளிவிடுங்கள், கீழே ஏணியைப் பிடிக்க ஒரு ஆள் கட்டாயம்.

ஜன்னலை இந்த வருஷம் மாற்றவே வேண்டாம். சட்டத்தைச் சுற்றி இரட்டைப் பக்க டேப் ஒட்டி, அதன்மேல் சூட்டில் சுருங்கும் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள் ஒன்றை இழுத்து ஒட்டி, ஹேர் டிரையர் காட்டினால் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். கண்ணாடிக்கும் தாளுக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் உங்கள் இரண்டாவது கண்ணாடி. அழகாக இருக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

இரவுக்காவல்:

எல்லா ஓட்டையையும் அடை என்று சொல்லிவிட்டீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே வருகிறேன். ஹீட்டரின் புகைக்குழாய், குளியலறை, சமையலறைக் காற்றுப்போக்கி, கூரை விளிம்பின் காற்றுத் துளைகள், இவற்றில் கை வைக்கக் கூடாது. கேஸ், விறகு, எண்ணெய், எதை எரித்தாலும் கார்பன் மோனாக்சைடு வரலாம். நிறம் இல்லை, வாசனை இல்லை, தலைவலி, குமட்டல் என்று ஆரம்பிக்கும், தூக்கத்தில் இருந்தால் அதுவும் தெரியாது. படுக்கையறைக்கு வெளியே, ஒவ்வொரு தளத்திலும் ஒரு அலாரம் மாட்டுங்கள், மாதம் ஒரு தடவை பட்டனை அமுக்கிப் பாருங்கள். கரி அடுப்பை வீட்டுக்குள் வைத்துக் குளிர் காய்வது, ஜன்னலைத் திறந்து வைத்திருந்தாலும் சரி, கூடவே கூடாது. குளிருக்கு முன்னால் ஹீட்டிங் ஆளை வரவழைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள், புகைபோக்கி இருந்தால் அதையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள்.

கையில் தூக்கும் ஹீட்டர் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், திரை, மெத்தை, துணியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, நேராகச் சுவர் பிளக்கில். எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி அது இளகிக் கருகியதை நான் பார்த்திருக்கிறேன். தூங்கப் போகும்போது அணைத்துவிடுங்கள்.

இன்னொன்று, காலையில் ஜன்னல் அடியில் தண்ணீர் தேங்கியிருந்தால் அது பெரும்பாலும் மழையோ ஒழுகலோ இல்லை, உங்கள் மூச்சும் சமையலும் உள்ளே காயப்போட்ட துணியும்தான். துடைத்துவிடுங்கள், இல்லையென்றால் பூஞ்சை. வீட்டுக்குள் ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் 50 சதவீதத்துக்கும் நடுவில் இருந்தால் நல்லது, ஒரு சின்ன மீட்டர் போதும்.

புதுக்குடித்தனம்:

எல்லோருக்கும் நன்றி. ஊதுபத்திச் சோதனையை நேற்றே செய்தேன். மனைவி ஜன்னல் பக்கம் பிடித்தாள், புகை கொஞ்சம்தான் ஆடியது. பரண் மூடிக்கடியில் பிடித்தபோது புகையை ஏதோ மேலிருந்து உறிஞ்சுவது போலச் சந்துக்குள் போய்விட்டது. ஜன்னல் மாற்றும் பேச்சு அத்தோடு முடிந்தது. ஹோஸையும் கழற்றிவிட்டேன், உள்ளே இருந்து அரை வாளி தண்ணீர் கொட்டியது.

மெயின் வால்வு கிடைத்துவிட்டது, மாடிப்படிக்கு அடியில், பழைய பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால். ஆனால் திருகினால் அசையவே இல்லை. பெரிய ஸ்பேனர் போட்டு ஒரு முறுக்கு முறுக்கலாமா?

குழாய்ச்சாவி:

ஐயோ வேண்டாம்! தண்டு முறிந்தால் அன்றைக்கே குளியல் உங்களுக்கு. கழுத்தில் துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் வெறும் கையால் இப்படியும் அப்படியும் இம்மி இம்மியாக ஆட்டிப் பாருங்கள். அசையவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிட்டு, தெருவில் தண்ணீரை மூடிவிட்டு வால்வையே மாற்றிவிடுங்கள், ஹீட்டருக்கு வைத்திருந்த காசு இதற்குப் போகட்டும். அசைந்துவிட்டால், முழுக்கத் திறந்த பிறகு கால் சுற்று பின்னால் திருப்பி விடுங்கள், அடுத்த வருஷம் மறுபடி இறுகிக்கொள்ளாது. அந்தப் பெயின்ட் டப்பாக்களையும் வேறு எங்காவது எடுத்து வையுங்கள்.