கார்னெகி வீட்டுக்குப் போன கதை

கியூர்பிப்காரி:

மொரீஷியஸில் எங்கள் ஊர் கியூர்பிப்பில் இரண்டே பருவம்தான், சின்ன மழைக்காலம், பெரிய மழைக்காலம் என்று சொல்வார்கள். பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டால் நாங்கள் ஓடி ஒதுங்குகிற இடம் டவுன் ஹால் பக்கத்து கார்னெகி நூலகம். "கார்னெகியில இருந்தேன்" என்று சொன்னால் அம்மா மேற்கொண்டு கேட்கமாட்டார். அது ஒரு ஆளின் பெயர் என்று எனக்குத் தெரிந்தபோது வயது பதினைந்தைத் தாண்டியிருந்தது.

2017-ல் நியூ ஜெர்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். "அக்கா, உன் நூலகத்துக்காரர் வீடு இங்கேதான் இருக்கு, போகலாமா?" என்றாள். மன்ஹாட்டனில் ஐந்தாம் அவென்யூவும் 91-ஆம் தெருவும் சேருகிற மூலை. ஆண்ட்ரூ கார்னெகியின் மாளிகைதான் இப்போது கூப்பர் ஹியூவிட், அமெரிக்காவின் தேசிய வடிவமைப்பு அருங்காட்சியகம். 1976-லிருந்து இந்த வீட்டில் இயங்குகிறது.

நியூயார்க்கிலேயே அடக்கமான, எளிய, விசாலமான வீடு வேண்டும் என்று கார்னெகி கேட்டாராம். 1902-ல் முடிந்த வீட்டில் 64 அறைகள். விசாலம் மட்டும் கேட்டபடியே வந்திருக்கிறது! எஃகு வியாபாரி என்பதால் வீட்டுக்குள்ளும் எஃகுச் சட்டம். அமெரிக்காவில் ஒரு தனி வீட்டை அப்படிக் கட்டியது அதுதான் முதல் தடவை. அந்தக் காலத்திலேயே லிஃப்ட். அடித்தளத்தில் கொதிகலனுக்கு நிலக்கரி கொண்டுபோக ஒரு குட்டித் தண்டவாளமும் வண்டியும்.

எனக்கு அந்த மனிதர் மேல் இரண்டு மனசு. ஸ்காட்லாந்தில் நெசவாளி மகனாகப் பிறந்தவர். 13 வயதில் அமெரிக்கா வந்து, பஞ்சாலையில் வாரம் 1 டாலர் 20 சென்ட்டுக்கு வேலை பார்த்தவர். பிட்ஸ்பர்க் பக்கத்தில் ஒரு கர்னல் வேலைக்காரப் பையன்களுக்காகச் சனிக்கிழமைகளில் தன் புத்தக அறையைத் திறந்துவிட்டதை மறக்காமல், பின்னால் உலகம் முழுக்க 2,509 நூலகங்களுக்குப் பணம் கொடுத்தவர். அதில் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. சரி. ஆனால் 1892-ல் அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகு ஆலையில் வேலைநிறுத்தம் செய்தவர்கள் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். பன்னிரண்டு மணி நேரம் உலைக்கு முன்னால் நின்றவனுக்கு நூலகம் கட்டிக்கொடுத்தால் எப்போது போய்ப் படிப்பான்? கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர்களின் வாரிசு நான், இந்தக் கேள்வி வராமல் இருக்குமா?

அப்புறம் இரண்டாம் மாடி. அங்கேதான் கால் நின்றுவிட்டது. தேக்கு அறை என்கிறார்கள். குடும்பத்தின் நூலக அறையாக இருந்தது. கதவுச் சட்டம், அலமாரி, கணப்பின் மேல் பக்கம் எல்லாம் செதுக்கிய தேக்கு. ஒரு விரல் இடம்கூட வெறுமையாக இல்லை. லாக்வுட் டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் வடிவமைத்தது. அவர் 1881-ல் அகமதாபாத்தின் ஹுதீசிங் குடும்பத்தோடு சேர்ந்து மரச் செதுக்குப் பட்டறை ஆரம்பித்தவர். அங்கே செதுக்கிக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்து இங்கே பொருத்தியிருக்கிறார்கள். தொடக்கூடாது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நின்றேன்.

கடைசியாகச் சுவர்த்தாள் அறை. அப்போது டிக்கெட்டோடு ஒரு தடித்த மின்னணுப் பேனா கொடுத்தார்கள். பிடித்த பொருளின் குறிப்பில் பேனாவின் பின்பக்கத்தை வைத்ததும் அந்தப் பொருள் நம் கணக்கில் சேர்ந்துவிட்டது. டிக்கெட்டில் இருந்த எண்ணை வைத்து வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ள முடிந்தது. இந்த அறையில் மேசைமேல் அந்தப் பேனாவால் எதை வரைந்தாலும் அது அடுக்கடுக்காகப் பெருகிச் சுவர் முழுக்கச் சுவர்த்தாளாக விரிந்தது. எனக்கு வேறென்ன வரும்? பொங்கலுக்கு அம்மா போடும் சிக்குக் கோலத்தில் ஒரு துண்டைப் போட்டேன். கூரை வரைக்கும் கோலம்.

காவலுக்கு நின்ற அம்மாள் பக்கத்தில் வந்து, "நல்லா இருக்கே, இது யார் டிசைன்?" என்றார். எங்கள் அம்மா என்றேன். அம்மாவுக்கு யார்? அவர் அம்மா. அதற்கு முன்னால்? இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஆனால் படியிறங்கும்போது அந்தத் தேக்கு அறை ஞாபகம் வந்தது. அது டி ஃபாரஸ்ட் அறை. உளி பிடித்த அகமதாபாத்காரர்கள் யார் யாரோ.

ரோஸ் ஹில் தம்பி:

அக்கா, நானும் போயிருக்கிறேன். வீட்டைப் பற்றியே சொல்லிவிட்டீர்கள், அந்தச் சகோதரிகளை விட்டுவிட்டீர்களே! சாரா, எலினார் ஹியூவிட், கூப்பர் யூனியன் கல்லூரியை நிறுவிய பீட்டர் கூப்பரின் பேத்திகள். 1897-ல் அந்தக் கல்லூரிக்குள்ளேயே இந்த அருங்காட்சியகத்தைத் தொடங்கினார்கள். சரிகைப் பின்னல், துணித் துண்டு, சுவர்த்தாள் எல்லாம் மாணவர்களும் கைவினைஞர்களும் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சேர்த்தவை. இன்றைக்கு 2 லட்சத்துக்கு மேல் பொருள்கள்.

அங்கே நானும் ஒருவரிடம் ஒரு டிசைன் காட்டினேன், பர்ஸில் கிடந்த நம் மொரீஷியஸ் நூறு ரூபாய் நோட்டு. ஆங்கிலத்துக்குக் கீழே தமிழ், அதற்குக் கீழே இந்தி. 1998-ல் வந்த புதிய நோட்டுகளில் இந்தியை மேலே ஏற்றித் தமிழைக் கீழே இறக்கியதும், நம்மவர்கள் எதிர்த்ததும், அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்று 1999-ல் பழைய வரிசையிலேயே அச்சடித்ததும் சொன்னேன். ஒரு வரி மேலே கீழே போனதற்கு இவ்வளவா என்று கேட்கவில்லை அவர். எழுத்து வடிவமைப்பு படித்தவராம். நோட்டை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

காத்ர் போர்ன் அத்தை:

எனக்கு முட்டி வலி. டிக்கெட் எடுக்காமல் பார்க்க ஏதாவது உண்டா?

கியூர்பிப்காரி:

உண்டு அத்தை. 90-ஆம் தெருப் பக்கத்து வாசலில் நுழைந்தால் தோட்டத்துக்குக் காசு இல்லை, உட்கார்ந்து காபி குடிக்கலாம். மாடிக்குப் போக லிஃப்ட் இருக்கிறது.

தம்பி, நோட்டுக் கதை அருமை. நான் ஊர் திரும்பியதும் டிக்கெட் எண்ணைப் போட்டுக் கோலத்தை அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "புள்ளியே வைக்காமல் போட்டிருக்கிறாய். அதுவும் சுவரில். எறும்பு எதைத் தின்னும்?" என்றார்.